நடுங்கும் கைகளும் குடும்ப மருத்துவரும்



குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ 1980ஆம் ஆண்டு நம் சென்னைக்கு வருகை தந்தார். அவர் ஆடிய காட்சிப் போட்டியைப் பற்றி நம் பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வதுண்டு. அதன்பின் நான்கே ஆண்டுகளில், 1984இல், பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோய் அவருக்கு இருப்பது கண்டறியப்பட்டது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை ஏற்ற அவர் வந்து நின்றபோது, கை நடுங்குவதை உலகமே பார்த்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை.

நம் இல்லங்களிலோ நடுக்கம் என்பது பெரும்பாலும் மறைக்கப்படும் செய்தியாகவே இருக்கிறது. கை தானாக ஆடுகிறது, கழுத்து ஒருபுறம் இழுக்கிறது, முகத்தின் ஒரு பக்கம் துடிக்கிறது என்றால், "வயதாகிவிட்டது" என்பார் ஒருவர். "கண்ணேறு" என்பார் மற்றொருவர். "எங்காவது ஓதிப் பாருங்கள்" என்பார் மூன்றாமவர். ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. நோயை இறக்கிய இறைவன் அதற்கான நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்று கற்பித்த நபி (ஸல்) அவர்கள், மருத்துவம் செய்துகொள்ளும்படியும் கூறினார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எங்கள் குடும்பத்தில் மூவருக்குக் கை நடுங்கியது. மூன்றிற்கும் காரணம் வெவ்வேறு. மூன்றையும் முதலில் பிரித்தறிந்தவர் மயிலாப்பூரில் சிறு கிளினிக் வைத்திருக்கும் எங்கள் குடும்ப மருத்துவரே. அவர் நரம்பியல் நிபுணர் அல்லர்; நம் சமுதாயத்தவரும் அல்லர். இருபது ஆண்டுகளாக எங்களைத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

முதலாமவர் எங்கள் அத்தா. இரத்த அழுத்த மாத்திரைக்காக மாதந்தோறும் அவரிடம் செல்வார். ஒருநாள் அத்தா உள்ளே நடந்து வரும்போதே, வலக்கை வீசாமல் உடலோடு ஒட்டியிருப்பதை மருத்துவர் கவனித்துவிட்டார். ஒரு தாளில் பெயரை எழுதச் சொன்னார். எழுத்துகள் போகப்போகச் சிறுத்தன. "பாய், கையை மடியில வச்சுக்கிட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாக் குறைச்சுச் சொல்லுங்க" என்றார். மனம் கணக்கில் சென்றதும் கை தன் வேலையைத் தொடங்கியது. தஸ்பீஹ் மணி உருட்டுவது போலக் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் உரசின. பள்ளிவாசலில் பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் அத்தா திக்ரு செய்கிறார் என்றே எண்ணியிருந்தார்களாம்.

மருத்துவர் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார்: வாசனை தெரிகிறதா, மலச்சிக்கல் எவ்வளவு காலமாக இருக்கிறது? கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவை இரண்டும் தோன்றலாம் என்பதை அன்றுதான் அறிந்தோம். பின்னர் ஒரு கடிதம் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்.

இரண்டாமவர் தியாகராய நகரில் துணிக்கடை நடத்தும் மச்சான். அவருக்கு மடியில் இருக்கும்போது கை அசையாது. தேநீர்க் குவளையைத் தூக்கினால்தான் ஆடும். பில்லில் கையெழுத்திடும்போது வாடிக்கையாளர் பார்ப்பதை எண்ணிக் கூசுவார். அவருடைய தந்தைக்கும் அவ்வாறே இருந்தது. இது குடும்பவழி வரக்கூடிய நடுக்கம், நடுக்குவாதம் அன்று. தைராய்டு மிகுந்தாலும் கை நடுங்கும் என்பதால் முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். ஆஸ்துமா இல்லை என்று உறுதி செய்துகொண்டு புரோப்ரனலால் மாத்திரை தரப்பட்டது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அம்மருந்து ஆகாது. நடுக்கம் முழுவதும் போகவில்லை; ஆனால் குவளை தளும்புவது நின்றது.

மூன்றாமவர் அடையாற்றில் வசிக்கும் சின்னம்மா. அத்தாவிற்கு இருந்ததைப் போலவே அவருக்கும் உடல் இறுகி, நடை தளர்ந்து, கை ஆடியது. "வீட்டிலிருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்கம்மா" என்றார் மருத்துவர். பையில் தலைசுற்றலுக்கான சின்னாரிசின் இருந்தது. எங்கோ ஒருமுறை எழுதித் தரப்பட்ட சீட்டைக் காட்டிக் கடையில் எட்டு மாதமாக வாங்கி உண்டு வந்திருக்கிறார். சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் ஃப்ளூனாரிசின், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, மனநோய் மருந்துகள் சில ஆகியவை நடுக்குவாதத்தைப் போன்ற நிலையை உண்டாக்கக் கூடியவை. மருத்துவர் சின்னாரிசினை நிறுத்தினார். சில மாதங்களில் சின்னம்மாவின் கை அமைதியடைந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பையை எடுத்துச் செல்லுங்கள். முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

உலகில் இந்நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சனும் இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் அக்கம்பக்கத்து மக்களைப் பார்த்துவந்த சாதாரண மருத்துவர்தாம். 1817இல் அவர் எழுதிய சிறுநூலில் ஆறு பேரைப் பற்றியே கூறியுள்ளார். அவர்களுள் சிலர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். மனிதர் நடந்து வருவதைக் கூர்ந்து பார்த்ததே அவரது ஆய்வு. அந்தப் பார்வை குடும்ப மருத்துவருக்கு இன்றும் வாய்க்கிறது; நேற்று எப்படி நடந்தீர்கள் என்பது அவருக்குத்தானே தெரியும்?

நோயைக் கண்டறிந்ததோடு அவர் பணி முடியவில்லை. நரம்பியல் மருத்துவரை அத்தா ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்க்கிறார். இடைப்பட்ட நாட்கள் குடும்ப மருத்துவருடையவை. படுத்த நிலையிலும் எழுந்து நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது அது சரிவதைக் கண்டு, பழைய அழுத்த மாத்திரையைக் குறைத்தார். ஸஜ்தாவிலிருந்து எழும்போது அத்தாவிற்குக் கண் இருண்டதன் காரணம் அதுவே. ஒளூச் செய்யும் இடத்தில் கைப்பிடி பொருத்தச் சொன்னார். வழுக்கும் கால்விரிப்புகளை எடுத்துவிடச் சொன்னார். வாந்திக்கு எந்த மருந்து கூடாது என்று ஓர் அட்டையில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒருநாள் அவர், "வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போறீங்களா பாய்?" என்று கேட்டார். அத்தா பதில் கூறவில்லை. சில வாரங்களாக அவர் ஜும்ஆவிற்குச் செல்லவில்லை. அத்தஹிய்யாத்தில் அமர்ந்திருந்தபோது பின்வரிசையில் இரு இளைஞர்கள் அவரது கையைக் காட்டிச் சிரித்தார்களாம். அந்தச் செய்தியை அத்தா எங்களிடம் கூறியதில்லை, மருத்துவரிடம்தான் கூறினார்.

இதை எழுதும்போது ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வருகிறது. வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யும்படி வேண்டினார். பொறுமை காத்தால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடையத் துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் கூற, அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆயினும் நோய் வரும் வேளையில் தம் ஆடை விலகிவிடுகிறது, அவ்வாறு விலகாமலிருக்கத் துஆச் செய்யுங்கள் என்று கேட்டார். நபியவர்கள் அதற்காகத் துஆச் செய்தார்கள். நோயைத் தாங்கத் துணிந்த அவரால் பிறர் முன் மானம் குலைவதைத் தாங்க இயலவில்லை. எங்கள் அத்தாவின் நிலையும் அதுதான்.

மருத்துவர் செய்தது மிக எளிய செயல். லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். குத்பா தொடங்கும் நேரத்தைக் கேட்டறிந்து, நரம்பியல் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, வெள்ளிக்கிழமை நண்பகல் மாத்திரையைச் சற்று முன்னதாக்கினார். இறைச்சி போன்ற புரத உணவு அம்மருந்தைத் தடுக்கும் என்பதால், சாப்பாட்டிற்கு அரை மணி நேரம் முன்பே அதை உட்கொள்ளச் சொன்னார். அத்தா மீண்டும் ஜும்ஆவிற்குச் செல்கிறார், நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபிவழி காட்டும் சலுகை.

ரமளானைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சென்னையில் நோன்பு ஏறத்தாழ 13 மணி நேரம் நீடிக்கிறது. ஒரு நாளில் நான்கைந்து வேளை மாத்திரை உட்கொள்பவர் அதை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஒதுக்கிவிட முடியாது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை இத்தகையோருக்காகவே. நோன்பு நோற்பதா, ஃபித்யாக் கொடுப்பதா என்பதை மருத்துவரிடமும் ஆலிமிடமும் சேர்த்துக் கேட்டு முடிவெடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். கண் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது போன்றவற்றைச் சேட்டை என்று அடிக்காதீர்கள். அவை அவர்களை மீறி வருபவை. தொண்டைப் புண்ணிற்குச் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துக் கைகால்கள் தாறுமாறாக அசைந்தால், இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். பதின்பருவத்தில் பேச்சுக் குழறி, கை நடுங்கி, கையெழுத்துக் கெட்டால், வில்சன் நோயாக இருக்கக்கூடும். உடலில் செம்பு தேங்குவதால் வரும் இந்நோய், மாமன் மகள், அத்தை மகன் என நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் கூடுதலாகத் தோன்றுகிறது. முன்னரே கண்டறிந்தால் மருந்தால் கட்டுப்படுத்தலாம். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இருப்பதால் அவர்களையும் பரிசோதிக்க வேண்டும். தாயத்தோடு கடக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஈரலையும் மூளையையும் அரித்துக்கொண்டிருக்கும்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பரிந்துரை பெற்று, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிற்குச் செல்லலாம். 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீட்டிற்கே வருகிறது. அடையாற்றை அடுத்த தரமணியில், மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய வி.எச்.எஸ். மருத்துவமனையும் எளியோருக்காகத் தோன்றியதே.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். முன்வரிசையின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகளும், ஒளூச் செய்யும் இடத்தில் ஒரு கைப்பிடியும் போதும். பல பெரியவர்கள் பள்ளிவாசலுக்குத் திரும்புவார்கள். இளைஞர்களுக்கு ஒரு ஜும்ஆ உரையில் இதை எடுத்துரைத்தால் இன்னும் நன்று.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களைப் பேணும் கைகளுக்கு வலிமையையும், அவர்களைப் பார்க்கும் கண்களுக்குக் கருணையையும் அருள்வானாக. ஆமீன்.