பன்னிரண்டரை மணி பஸ்

தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனம். பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை அங்கே தயார் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஏஜென்ட்டின் டூல்களுக்கு டிஸ்கிரிப்ஷன் எழுதுகிறவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். வாஷிங் மெஷின் கையேட்டில் தொடங்கி வங்கி மென்பொருள் உதவிப் பக்கங்கள் வரை எழுதிய டெக்னிக்கல் ரைட்டர் அவர். சுற்றியிருக்கும் பையன்களுக்கு ‘அக்கா’.

டூல் என்பது ஒரு வேலையை முடித்துத் தரும் சின்ன புரோகிராம்: பஸ் தேடுவது, சீட் பிடிப்பது, ரத்து செய்வது. மொழி மாடல் அதன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பெயர், விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவற்றைப் படித்துத்தான் எதை எப்போது கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது. 2023 ஜூனில் ஓபன்ஏஐ ‘ஃபங்ஷன் காலிங்’ கொண்டுவந்தபோதே ஏற்பாடு இதுதான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் ‘எம்சிபி’ நெறிமுறையை வெளியிட்ட பிறகு, ஒருவர் செய்த டூலை முன்பின் தெரியாத இன்னொருவரின் ஏஜென்ட் பயன்படுத்துவது சகஜமாகிவிட்டது. சந்தேகம் வந்தால் செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.

பஸ் தேடும் டூலுக்குப் புரோகிராமர் எழுதியிருந்தது ஒரே வரி: ‘கொடுத்த தேதியில் உள்ள பஸ்களைத் தரும்.’ (எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில்; நான் தமிழில் சொல்கிறேன்.) அதில் என்ன குறை என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா சோதனைக் கேள்வியைத் தட்டினார்: “வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரைக்கு மதுரைக்கு ஒரு டிக்கெட்.” ஏஜென்ட் வெள்ளிக்கிழமைத் தேதியில் தேடியது, 12.30 மணி பஸ் கிடைத்தது, சீட்டும் பிடித்தது. ஆனால் அது வியாழன் இரவு கிளம்பிப் போய்விடும் பஸ். பயணி மூட்டை முடிச்சுடன் வந்து நிற்பது மறுநாள் இரவு.

அக்கா திருத்தி எழுதினார்: ‘தேதி என்பது பஸ் கிளம்பும் நாள்காட்டித் தேதி. நள்ளிரவு 12 மணிக்கு மேல் கிளம்பும் பஸ்ஸைப் பயணி “வெள்ளி இரவு” என்று சொன்னால், பெரும்பாலும் சனிக்கிழமைத் தேதியைக் குறிக்கும். சீட் பிடிக்குமுன் கிழமையையும் தேதியையும் சொல்லி உறுதி செய்துகொள்.’ ‘தேதி’ என்றிருந்த விவரத்தின் பெயரையும் ‘புறப்படும் தேதி’ என்று மாற்றினார். மறுபடி ஓட்டினார். ஏஜென்ட் இம்முறை கேட்டுவிட்டுத்தான் சீட்டில் கைவைத்தது.

கோயம்பேடு பஸ் நிலையம் இன்னொரு தலைவலி. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தபின் தென்மாவட்ட அரசு பஸ்கள் அங்கே போய்விட்டன. சென்னைக்காரர் வாயில் வருவது என்னவோ கோயம்பேடுதான். கோயம்பேட்டிலிருந்து தேடிய டூல் வெறும் பூஜ்யத்தைத் திருப்ப, திருநெல்வேலிக்கு பஸ்ஸே இல்லை என்று ஏஜென்ட் கையை விரித்தது. அக்கா இதற்கு விளக்கத்தைத் தொடவில்லை. டூல் திருப்பித் தரும் பதிலில் ‘இங்கிருந்து பஸ் இல்லை, கிளாம்பாக்கத்திலிருந்து தேடு’ என்று சேர்க்கச் சொன்னார்.

“எல்லாத்தையும் டிஸ்கிரிப்ஷன்லயே கொட்டிடலாம் சார். ஆனா ஒவ்வொரு தடவையும் மாடல் அத்தனையும் சுமக்கணும். மாடல் படிக்கிற ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது சொல் துண்டுக்கும், காசு, அதோட கவனமும் சிதறும்.”

சீட் வரைபடம் தருவதற்கு ஒரு டூல், சீட் விலை தருவதற்கு இன்னொன்று. எதை எப்போது கூப்பிடுவது என்று எழுத உட்கார்ந்தவர், வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பையனைக் கூப்பிட்டார். “இந்த ரெண்டுக்கும் வித்தியாசத்தை என்னால ஒரு வரியில சொல்ல முடியலைப்பா. ரெண்டையும் ஒண்ணாக்கிடு.” பையன் முணுமுணுத்தான். “இப்பப் போய் சொல்றீங்களேக்கா...” சாயங்காலத்துக்குள் ஒன்றாக்கிவிட்டான்.

இது தரமணியோடு நிற்கும் விஷயமில்லை. புரோகிராம் எழுதும் ஏஜென்ட் ஒன்றைச் செய்தபோது, மாடலுக்கு எழுதும் மொத்த அறிவுறுத்தலைவிட (பிராம்ப்ட்) டூல்களைச் செப்பனிடவே அதிக நேரம் பிடித்தது என்று ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எழுதியது. வேறு ஃபோல்டருக்குள் போனதும் கோப்பின் பாதையைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்த மாடல், எப்போதும் முழுப் பாதையே வேண்டும் என்று டூலை மாற்றியதும் சரியாகிவிட்டது.

டூல்கள் எல்லாம் முடிந்து, வெளியீட்டுக்கு நாள் நெருங்கும்போதுதான் அக்காவிடம் வருகின்றன. இது தலைகீழான வரிசை. என்ன டூல் வேண்டும் என்று பேசும் முதல் கூட்டத்திலேயே அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால், அந்தப் பையன் சீட் டூலை இரண்டாகச் செய்திருக்கவே மாட்டான்.