நாற்றமில்லாத நஞ்சு

பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம். இன்று அதே சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்திக் கொள்கிறோம். இழிபொருட்பேறு என்று வகுப்பில் இதை விளக்கும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். மணலியின் புகையும் காசிமேட்டு மீனும் கலந்த காற்றில் வளர்ந்த பிள்ளைகள் அல்லவா!

எம் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பாவின் மூட்டு வலிக்கு வெந்நீர் வேண்டுமென்று குளியலறையில் கேஸ் கீசர் ஒன்றை மாட்டினோம். அதன் நோய்கள் விரைவிலேயே எமக்குப் பழகிவிட்டன. குழாயைத் திறந்ததும் 'டிக் டிக்' ஒலி வரவில்லையா? பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது உப்புக்காற்றில் அதன் முனைகள் பச்சை பூத்திருக்கும். பேட்டரி நன்றாக இருந்தால் நீரின் வேகம் போதவில்லை என்று பொருள். நீர் உள்ளிருக்கும் ரப்பர்த் தகட்டைத் தள்ளினால்தான் கேஸ் திறக்கும், பொறி பறக்கும். நீர் நுழையும் வாயிலுள்ள சல்லடையில் மணல் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலி வந்தும் தீ பற்றவில்லையென்றால் சிலிண்டரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் அறிந்த நாம் ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டோம். ஒரு மார்கழியில், நீலமாக எரிந்த தீ மஞ்சளாயிற்று. உப்பு பட்டாலும் தீ மஞ்சளாகும் என்று எங்கோ படித்த அரைகுறை அறிவு. 'கடற்காற்றுதானே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டோம்.

மறுநாள் காலை அப்பா குளிர்காற்றுக்கு அஞ்சி ஜன்னலைச் சாத்தியிருக்கிறார். குவளை விழுந்த ஓசை கேட்டு ஓடினோம். நல்லவேளை, தாழ் போடவில்லை. சுவரோடு சரிந்து கிடந்தவரை முற்றத்துக்கு இழுத்து வந்தோம். மருத்துவமனையில் ஆக்சிஜன் ஏற்றிய பின்பே பேச்சு வந்தது.

காற்றுப் போதாமல் எரியும் தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சமையல் எரிவாயுவுக்கும் இயல்பில் மணமில்லை. கசிவு தெரியட்டுமென்று மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, நெடி தாங்காமல் பெரியகுப்பத்து மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். எம் குளியலறையில் வந்த நஞ்சுக்கு நெடியும் இல்லை.

இப்போது கீசர் வெளித் தாழ்வாரத்தில் இருக்கிறது. வெந்நீர் மட்டும் குழாய்வழி உள்ளே வருகிறது. "நாத்தம்னா நல்லதுன்னு கிளாஸ்ல சொல்லிக் குடுப்பியே, அது சரிதான்டா" என்று அப்பா சிரிக்கிறார். மஞ்சள் தீயை முதல் நாளே நாம் பார்த்துவிட்டோம் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுத் தீ என்ன நிறம்? இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.