காற்றாடிமலையில் ஒரு வாக்குவாதம்

விசுவாசத்தைத் துணிந்து அறிவிப்பது என்றாலே என் மனதில் வந்து நிற்பவர், திருச்சி பேருந்து நிலைய வாசலில் மைக்கோடு நிற்கும் ஒரு மனிதர்தான். வெயிலில் தொண்டை வறளப் பேசுவார். போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள், நானும் ஒதுங்கித்தான் போயிருக்கிறேன். பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்த எங்களுக்கு இதில் கூச்சம் அதிகம். ஞாயிறு பூசை, வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணி, மார்கழியில் வாசலில் ஒரு நட்சத்திரம், அதோடு சரி. அலுவலகத்தில் யாராவது சாமியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம்.

ஆரல்வாய்மொழிக்குப் போகும்போதும் அந்தக் கூச்சம் கூடவே வந்தது. வதைக்கப்பட்டுச் செத்தவர்களின் கதைகளில் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. புனித தேவசகாயத்தின் கதையிலும் சவுக்கடியையும் காயத்தில் பூசிய மிளகாய்ப் பொடியையும் எருமை மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர்வலம் விட்டதையும் சொல்லிச் சொல்லி, அந்த மனிதர் எதற்காக அதையெல்லாம் தாங்கினார் என்பதை விட்டுவிடுகிறோமோ என்று தோன்றும். தேவசகாயம் சுடப்பட்ட காற்றாடிமலையைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் இறங்கிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் ஏறினேன்.

பெயருக்கு ஏற்ற மலை. கணவாய் வழியாக வரும் காற்று துப்பட்டாவைப் பிடுங்குகிறது. சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. மேலே ஒரு பாறை இருக்கிறது. 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டபோது அந்தப் பாறை மணிபோல ஒலித்தது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதனால் வருகிறவர்கள் எல்லாரும் சின்னக் கல்லை எடுத்து அதைத் தட்டிப் பார்க்கிறார்கள். நானும் தட்டினேன். கணீரென்று, வெண்கலத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம். ஆனால் பின்னால் ஒரு பையன் விடாமல் தட்டிக்கொண்டே இருந்ததில் எனக்கு எரிச்சல் வந்தது. ஜெபிக்க வந்த இடத்தில் இதென்ன விளையாட்டு என்று நகர்ந்து ஒரு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன்.

அங்கேதான் அந்த அம்மா இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, பக்கத்தில் ஒயர்கூடை. கடற்கரைப் பக்கத்து ஊர்.

“எங்கேருந்து மக்ளே வாறிய?”

“திருச்சிம்மா.”

“அம்புட்டுத் தூரமா? இரி, கிழங்கு திங்கலாம்.”

கூடையிலிருந்து தூக்குவாளி வந்தது. அவித்த மரச்சீனிக் கிழங்கு, இன்னொரு டப்பாவில் சாளை மீன்கறி. எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கை வெல்லம் போட்டோ, உப்புப் போட்டு அவித்தோ தின்போம், மீனோடு சேர்ப்பதில்லை. இங்கே தேங்காய் அரைத்த கறி கிழங்கின் வெடிப்புகளுக்குள் இறங்கி ஊறியிருந்தது. “நல்ல எரிப்பு இருக்கும், பாத்துத் தின்னு” என்றார். எரிந்தது. கண்ணில் தண்ணீர் வர வரத் தின்றேன்.

பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் தன் பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார், பாறையை விடாமல் தட்டிய அதே பையன். நன்றாகவே சொன்னார். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். 1741இல் கொளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் டிலனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். குடும்பத்தில் இழப்பு மேல் இழப்பாக வந்து நொந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம்; நீலகண்டன் தேவசகாயம் ஆனார்.

நான் காது கொடுத்தது அந்த டிலனாய் இடத்தில்தான். தோற்றுப்போய்ப் பிடிபட்ட ஓர் அந்நியன், தன்னைப் பிடித்த அரசின் அலுவலரிடம் வேதத்தைப் பேசுகிறான். மேடை இல்லை, கூட்டம் இல்லை. எதிரே துக்கத்தில் ஒருவன் இருந்தான், இவனிடம் சொல்ல ஒரு கதை இருந்தது. இப்படியும் அறிவிக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

வேட்டிக்காரர் பேரனிடம், “அவரு பேரு தேவசகாயம் பிள்ளை. முழுசாச் சொல்லணும்” என்றார்.

அம்மா கிழங்கை வாளியில் வைத்தார். “பிள்ளை இல்ல அண்ணாச்சி. தேவசகாயம். பட்டம் குடுக்கும்போ ரோமாபுரியிலேயே அதை எடுத்தாச்சு.”

அது உண்மை. 2012இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது அந்தப் பின்னொட்டு இருந்தது. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தியபோது வத்திக்கான் அதை விட்டுவிட்டது. சாதிப் பெயர் வேண்டாம் என்று இங்கிருந்து போன வேண்டுகோளும் அதற்கு ஒரு காரணம்.

அவர் சட்டென்று விட்டுக்கொடுக்கவில்லை. “அப்படிச் சொன்னாத்தான அக்கா அவரு எதை விட்டுட்டு வந்தாருன்னு சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியும்? பதவி, சொந்தம், பெருமை எல்லாத்தையும் விட்டாரு. அது சரித்திரம்.”

இதை அலட்சியப்படுத்த முடியாது என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் அம்மா யோசிக்கவே இல்லை.

“அவரு விட்டுட்டு வந்ததை நீங்க ஏன் அண்ணாச்சி திரும்பவும் அவரு தலையில தூக்கி வைக்கிய? தாழ்ந்த சாதின்னு ஒதுக்கி வச்ச ஆளுவகூட ஒண்ணிச்சு இருந்து சோறு தின்னாரு. அதைப் பொறுக்காமத்தான பிடிச்சுக்கிட்டுப் போனாவ. பிள்ளையாவே இருந்திருந்தா எவன் சுட்டிருக்கப் போறான்?”

சில வரலாற்றாசிரியர்கள் இதை மறுக்கிறார்கள். மதத்துக்காகவோ சமத்துவத்துக்காகவோ அல்ல, அரச குற்றத்துக்காகத்தான் தண்டிக்கப்பட்டார் என்பது அவர்கள் வாதம். திருச்சபை சொல்வதோ, எல்லாரும் சமம் என்று அவர் வற்புறுத்தியது மேல்சாதியினரின் கோபத்தைக் கிளப்பி 1749இல் கைதுக்குக் கொண்டுபோனது என்று. நான் திருச்சபை சொல்வதை நம்புகிறேன். பெருவிளையில் வேப்பமரத்தோடு சங்கிலியில் மாதக்கணக்காகக் கட்டிப்போட்டிருந்த காலத்திலும் அவரைத் தேடி ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்கிறது மரபு. வெறும் திருடனையோ துரோகியையோ பார்க்க அப்படி வருவார்களா?

பேச்சு நின்றது. அம்மா கிழங்கை வேட்டிக்காரர் பக்கம் நீட்டினார். “வயிறு சரியில்லக்கா” என்றார் அவர். அது நிஜமாகவும் இருக்கலாம். பேரன் கைநீட்டி ஒரு துண்டை வாங்கிக்கொண்டான். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் வடக்கன்குளம் போனேன். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அந்த ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோயிலுக்கு இரண்டு கால்கள் உண்டு, கால்சட்டைபோல. பீடம் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கம் ஒரு சாதியார், மறுபக்கம் மற்றவர்கள், நடுவே தடுப்பு. எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகச் சாகவும் துணிந்த ஒருவர் கிறிஸ்தவரான ஊரில், நூறு வருஷம் கழித்து இப்படி. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். அதை எதிர்த்து நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். அவருடைய சொந்த மந்தையே அவரை எதிர்த்தது. அந்நியர் எதிர்ப்பைத் தாங்குவதைவிட இது கடினம் என்றே நினைக்கிறேன். பூசைக்கு வருகிறவனிடம் போய், நீ நம்புவதாகச் சொல்வதை இனியாவது செய் என்று சொல்லியாக வேண்டுமே. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு சுவர் இருக்கிறது. அது இன்னும் இடிபடவில்லை.

கோயில் வாசலில் நிற்கும்போது அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. தங்கையின் கல்யாணப் பத்திரிகை புரூஃப். பிழை இருந்தால் சாயங்காலத்துக்குள் சொல்லவேண்டுமாம். மேலே சிலுவை, அதன் கீழே வேத வசனம், அதற்கும் கீழே தாத்தாவின் பெயர். பெயருக்குப் பின்னால், எங்கள் வீட்டுப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் இருப்பதுபோலவே, பிள்ளை.

உடனே கூப்பிட்டேன்.

“பிழை ஏதும் இருக்காம்மா?”

“தாத்தா பேருக்குப் பின்னால சாதி வேணாம்ப்பா.”

“எல்லாரும் போடுறதுதானே. ஆர்.சி. வரன்னு தேடுறப்பவே அதைக் கேட்டுத்தானே பேசினாங்க.”

“அதனாலதான்ப்பா வேணாங்கிறேன்.”

காற்றாடிமலையில் கேட்டதையெல்லாம் சொன்னேன். கூச்சம் இருந்தது; குரல் ஒருமுறை தடுமாறியது. வாழ்நாளில் அப்பாவிடம் நான் இயேசுவைப் பற்றிப் பேசியது அன்றுதான். எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமில்லைம்மா. உங்க பெரியப்பாதான் விடமாட்டார். பத்திரிகையே வாங்கமாட்டேன்னு நிப்பார். நீயே பேசிடுறியா?”

“பேசுறேன்ப்பா. புரூஃபை நிறுத்தி வைங்க” என்று சொல்லிவிட்டு, பெரியப்பாவின் நம்பரைத் தேடினேன்.