கொடி இறங்கும் நேரம்

என் அப்பா இருபத்துநான்கு வருடங்கள் ராணுவத்தில் இருந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட். 1758இல் தன் வரலாற்றைத் தொடங்கும், இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று போர்முழக்கம் போடும் படை. அதில் அவர் கிளாரினெட் வாசித்தார்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத் திருநகரில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. 1997இல் மூன்றாவது ஸ்டாப்புக்கு உள்ளே தள்ளி வீடு கட்டிக் குடிவந்ததிலிருந்து தெருவுக்கே அவர் 'மிலிட்டரி சார்'. கேன்டீன் கோட்டா கிடைக்குமா என்று கேட்பார்கள். எந்த பார்டர் சார் என்று கேட்பார்கள். "எல்லாப் பக்கமும் போயிருக்கேன்" என்பார். பொய் இல்லை. பட்டாலியன் போகும் இடமெல்லாம் பேண்டும் போகும். ஆனால் போன இடத்தில் என்ன செய்தார் என்பதை விழுங்கிவிடுவார்.

காரணம் தாத்தா. அவர் திருமங்கலம் பக்கத்தில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட்காரர். கல்யாணம், காதுகுத்து, சாவு எதற்கும் போவார். மாப்பிள்ளை அழைப்பில் அவர் வாசிப்புக்கு ஊரே நின்று கேட்கும். சாப்பாடு மட்டும் கடைசிப் பந்தியில், அதுவும் பல வீடுகளில் கொட்டகைக்குப் பின்னால். வாசிக்கும்போது 'அண்ணே, அந்தப் பாட்டைப் போடுங்க' என்பவர்கள் வாத்தியம் கீழே வைக்கப்பட்டதும் 'டேய்' என்பார்கள். அப்பா பத்து வயதில் அவரிடம்தான் வாசிக்கக் கற்றார். 1972இல் ஆள் எடுக்க வந்தபோது உயரமும் மார்பும் தேறி, 'வேறென்ன தெரியும்' என்று கேட்ட அதிகாரியிடம் கிளாரினெட் என்று சொல்லியிருக்கிறார். அதே வாத்தியத்தோடு வெலிங்டன் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அது வேறு வாத்தியமாகிவிட்டது. எட்டாவது படித்தவரை மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் பச்மரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ராணுவ இசைக்கென்றே 1950இல் தொடங்கப்பட்ட பள்ளி அங்கே இருக்கிறது. ஐந்து கோட்டில் எழுதிய மேற்கத்திய ஸ்வரக்குறிப்பை அவர் அங்கே படிக்கக் கற்றார். நான் பொறியியல் முதலாண்டில் சி மொழியில் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, பழைய பேண்டு தாள் ஒன்றை எடுத்து விரித்து, "இதுவும் புரோகிராம்தான் தம்பி. எங்க ஆரம்பிக்கணும், எத்தன தடவ திரும்பணும், எங்க நிறுத்தணும், எல்லாம் இதுல இருக்கு" என்றார். பார்த்தேன். உண்மைதான், லூப் கூட இருந்தது.

பேண்டுக்காரர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சண்டை வந்தால் வாத்தியத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். அடிபட்டவர்களைச் சுமந்து வருவதும் முதலுதவி செய்வதும் அவர்கள் பயிற்சியில் அடக்கம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் திருப்பரங்குன்றத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நக்கீரர் பெயரில் நெடுநல்வாடை இருக்கிறது. அதில் பாசறையில் இருக்கும் பாண்டியன் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் தூங்காமல், காயம்பட்ட வீரர்களைப் பார்க்கக் கிளம்புகிறான். போர்ப்பாட்டு என்று எதிர்பார்த்துப் படித்த எனக்கு அந்த இடம்தான் நின்றது. ராணுவம் என்றதும் அப்பாவின் நினைவில் வருவதும் துப்பாக்கி இல்லை, தூக்கிச் சுமந்த எடைதான்.

தில்லி விஜய் சௌக்கில் ஜனவரி 29ஆம் தேதி மாலை நடக்கும் பீட்டிங் ரிட்ரீட்டைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'பாசறை திரும்பும் நிகழ்ச்சி' என்று எழுதுகின்றன. இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு அரிது. ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் அந்தி சாய்ந்ததும் முரசு அடித்துச் சண்டையை நிறுத்தி, கொடிகளை இறக்கி, வீரர்களை முகாமுக்குத் திருப்பி அழைத்த வழக்கத்திலிருந்து வந்தது. இந்தியாவில் 1950களின் தொடக்கத்தில் இதற்கு இன்றைய வடிவம் வந்தது. முப்படைகளின் பேண்டுகளும் ரைசினா குன்றிலிருந்து இறங்கி வந்து குடியரசுத் தலைவர் முன் திறந்தவெளியில் வாசிக்கும். பிறகு பியூகிள் ஒலிக்கும், கொடி இறங்கும். 'சாரே ஜஹான் சே அச்சா' வாசித்தபடியே பேண்டுகள் வந்த வழியே ஏறிப் போகும். கட்டடங்கள் முழுக்க ஒரே நொடியில் விளக்கு எரியும். நான்கு நாட்கள் குடியரசு தினம் கொண்டாடிய நாடு அத்துடன் வீட்டுக்குப் போகலாம்.

அப்பா இதில் இரண்டு முறை வாசித்திருக்கிறார், 1983இலும் 1988இலும். டிவியில் பார்க்கிறவர்களுக்கு அழகாகத் தெரியும் அந்த வரிசைகளுக்குள் இருக்கும் கஷ்டம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. துரித நடைக்கு நிமிடத்துக்கு 120 தட்டு, அதாவது ஒரு தட்டுக்கு அரை நொடி. எண்பத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்கு முரசுச் சத்தம் கால் நொடி தாமதமாக, பாதித் தட்டு தள்ளிப் போய்ச் சேரும். காதை நம்பி வாசித்தால் மொத்தக் கூட்டமும் கலைந்துவிடும். "காத மூடு, கண்ணத் திற. டிரம் மேஜர் கைல இருக்கிற தண்டத்தப் பாரு, அவ்வளவுதான்" என்பார். நெட்வொர்க் தாமதத்தோடு தினமும் மல்லுக்கட்டும் எனக்கு இது நன்றாகப் புரிந்தது. எங்கள் சர்வர்களும் ஒன்றையொன்று கேட்டு நேரம் வைத்துக்கொள்வதில்லை, பொதுவான ஒரு கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஒத்துப்போகின்றன.

பிறகு குளிர். குளிர்ந்த கிளாரினெட் சுருதி இறங்கிவிடும். மரத்தாலானது என்றால் வெடிக்கவும் வெடிக்கும். ஒத்திகையில் காத்திருக்கும் நேரமெல்லாம் மேல்பகுதியைக் கழற்றிக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வார்களாம். "கைக்குழந்தய வச்சிருக்கிற மாதிரி."

வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்தபோது ஒரு ஜூலை 4 அன்று வாஷிங்டனில் கேபிடல் கட்டடத்தின் மேற்குப் புல்வெளியில் நடக்கும் கச்சேரிக்குப் போனேன். நேஷனல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு ராணுவ பேண்டும் சேர்ந்து வாசிக்கும். நம் சித்திரை மாதத்தை நினைவுபடுத்தும் புழுக்கம். போர்வையை விரித்து, குழந்தைகளும் தின்பண்டங்களுமாக, சித்திரைத் திருவிழாவுக்கு வைகைக்கரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் போலவே இருந்தார்கள். கடைசியில் பீரங்கி வெடிக்க, சாய்கோவ்ஸ்கியின் '1812' முழங்கியது. நெப்போலியனிடமிருந்து ரஷ்யா தப்பித்ததைக் கொண்டாட 1880இல் ஒரு ரஷ்யர் எழுதியது. ஜார் மன்னரின் கீதமும் அதற்குள் இருக்கிறது. 1974இல் பாஸ்டனில் ஆர்தர் ஃபீட்லர் பீரங்கியும் வாணவேடிக்கையும் சேர்த்து வாசித்த பிறகு அது அமெரிக்கச் சுதந்திர தினத்தின் பாட்டாகவே ஆகிவிட்டது. சுற்றியிருந்த யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை. போனில் அப்பாவிடம் விவரித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "கிளாரினெட் எத்தன பேரு?" எண்ணவில்லை என்றேன். "ஆர்கெஸ்ட்ரால வயலின் செய்ற வேலைய பேண்டுல நாங்கதான் செய்யணும். அடுத்த தடவ எண்ணு."

மெட்டுக்கு ஊர் கிடையாது என்பது நம் பக்கத்துக்கும் புதிதல்ல. முத்துஸ்வாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த நாட்களில் ஜார்ஜ் கோட்டையின் கம்பெனி பேண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார் என்பார்கள். நொட்டுஸ்வரங்கள் என்று பெயர். அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. அரசனுக்கான வாழ்த்தைச் சத்தமில்லாமல் தெய்வத்துக்கு மாற்றிவிட்டார். தஞ்சையில் சரபோஜி தன் அரண்மனையில் ஐரோப்பிய பேண்டே வைத்திருந்தார். கிளாரினெட்டும் வெள்ளைக்காரனோடு வந்து, சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்து, பிறகு தாத்தா போன்றவர்களின் பேண்டு செட்டுகளில் தெருவுக்கு வந்த வாத்தியம்தான்.

நம் தேசிய கீதத் தேர்விலேயே பேண்டுக்குப் பங்கு உண்டு. 1947இல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபையின்போது இந்தியக் குழுவிடம் கீதம் கேட்கப்பட்டது. கையில் இருந்த 'ஜன கண மன' இசைத்தட்டைக் கொடுத்தார்கள். அங்கிருந்த இசைக்குழு வாசித்துப் பெரிய வரவேற்பு. 1948 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் நேரு இதைச் சொல்லி, தேசிய கீதத்தில் சொற்களைவிட மெட்டு முக்கியம், ஆர்கெஸ்ட்ராவும் ராணுவ பேண்டும் வாசிக்கத் தோதாக இருக்க வேண்டும் என்ற பொருளில் வாதிட்டார். இதை நான் படித்துச் சொன்னபோது அப்பா இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

1994 மே மாதம் தாத்தா இறந்தார். எனக்கு ஏழு வயது. அப்பா லீவில் வந்திருந்தார். எங்கள் பக்கம் சாவுக்கு வாத்தியம் இல்லாவிட்டால் அது அனாதைச் சாவு. தாத்தாவின் கூட்டாளிகள் கூலி வாங்காமல் வாசிக்க வந்தார்கள். தேர் கிளம்பும் நேரம் அதில் ஒரு பெரியவர் தாத்தாவின் கிளாரினெட்டை எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்தார். உடனே சத்தம் வந்தது. பெரியப்பாதான் முதலில். "கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்கவன் தெருவுல நின்னு ஊதுறதா? இவ்வளவு பாடுபட்டு வெளிய வந்தது எதுக்கு?" அத்தைகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாசித்தார். யாருக்கும் தெரியாத மெட்டு. மிக மெதுவாக, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூச்சு விட்டு நடக்கலாம் போல. தவில்காரருக்கு எங்கே அடிப்பதென்று தெரியவில்லை, சும்மா நடந்தார். சுடுகாடு வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்தார். "சர்ச்சுல பாடுறதுல்ல இது" என்று யாரோ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

சர்ச்சில் பாடுவதுதான். 'அபைட் வித் மி.' ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் என்ற போதகர் 1847இல் காசநோயால் இறக்கும் முன் எழுதியது. இன்று பாடப்படும் மெட்டு 1861இல் வில்லியம் ஹென்றி மங்க் போட்டது. காந்திக்குப் பிடித்த பாட்டு என்பதால் அவர் நினைவு நாளுக்கு முந்தின மாலை விஜய் சௌக்கில் ஆண்டுதோறும் வாசித்தார்கள். பேண்டு ஒரு வரி வாசித்து நிறுத்த, தூரத்தில் உயரத்திலிருந்து மணிகள் பதில் சொல்லும். அப்பாவுக்கு இங்கிலாந்தும் தெரியாது, கிறிஸ்தவமும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததில் ஒரு மனிதனை மரியாதையோடு வழியனுப்பும் இசை அது ஒன்றுதான். குடியரசுத் தலைவர் முன்னால் வாசித்ததைத் தன் அப்பனுக்கு வாசித்தார், தெருவில், அதே வாத்தியத்தில். பெரியப்பா அதன் பிறகு ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை.

2009இல் அந்த நிகழ்ச்சியே நடக்கவில்லை. இரண்டு நாட்களுக்கு முன் ஆர். வெங்கட்ராமன் மறைந்ததால் ரத்து செய்யப்பட்டது. 1988இல் அப்பா வாசித்தபோது குடியரசுத் தலைவராக மேடையில் இருந்தவர் அவர். "பட்டுக்கோட்டைப் பக்கத்து மனுசன். அவர் சாவுக்கு வாத்தியம் நிக்கிது பாரு" என்றார் அப்பா. அரசின் துக்கத்தில் இசை நிற்கிறது, நம் ஊர்த் துக்கத்தில் இசை தொடங்குகிறது. எது சரி என்று அவர் சொல்லவில்லை.

2022இல் 'அபைட் வித் மி' நீக்கப்பட்டது. சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டில் இந்திய மெட்டுகளே பொருத்தம் என்றார்கள். அந்த இடத்தில் 'ஏ மேரே வதன் கே லோகோ' வந்தது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. 1962 போரில் இறந்தவர்களுக்காக எழுதப்பட்டது, 1963 ஜனவரியில் தில்லியின் திறந்தவெளி அரங்கில் நேரு முன்னால் லதா பாடியது. மூத்த ராணுவத்தினர் சிலர் வருத்தப்பட்டார்கள், வேறு சிலர் காலனிய எச்சம் ஒழிந்தது என்றார்கள். என் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இது எதுவும் வரவில்லை. அந்த வருடம் முதன்முறையாக ஆயிரம் டிரோன்கள் வானத்தில் கோலம் போட்டன, எல்லோரும் அந்த வீடியோவைத்தான் பகிர்ந்தார்கள். நானும் ரசித்தேன். ஆயிரம் பொருட்களை ஒன்றோடொன்று மோதாமல் ஒரே தாளத்தில் நகர்த்துவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவன்.

அப்பா என்ன சொல்வார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் கொதிக்கவில்லை. "மணி வாசிக்கிற பையன் இந்த வருசம் குளிர்ல மேல ஏற வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மெட்டு நம்ம கைல தானப்பா இருக்கு. லிஸ்ட்லருந்து எடுத்தா மறந்துருமா?" என்றார்.

அதே வாரம் பத்ம விருதுப் பட்டியல் வந்திருந்தது. அதில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் பெயர். கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்தே வாழ்ந்தவர், அப்போது வயது தொண்ணூறு. அப்பா பேப்பரில் அந்தச் செய்தியைக் கத்தரித்து, தன் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் வைத்தார். எதிர்வீட்டு ரிட்டையர்டு தலைமையாசிரியர் பேப்பர் இரவல் வாங்க வந்தவர், ஓட்டை இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு என்ன சார் கத்தரிச்சீங்க என்றார்.

"கிளாரினெட்டுக்கு பத்மஸ்ரீ சார். நான் மிலிட்டரில வாசிச்ச வாத்தியம். எங்கப்பாவும் அதுதான். பேண்டு செட்."

உள்ளே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த நான் டைப் செய்வதை நிறுத்தினேன். தலைமையாசிரியர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "எங்க கல்யாணத்துல கிளாரினெட்தான் சார். ரெண்டு மணி நேரம் வாசிச்சார் அந்த மனுசன்" என்றார். அவரை எங்கே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள் என்று அப்பா கேட்கவில்லை. காபி கொடுக்கச் சொன்னார்.

2023இல் வாசித்த அனைத்துமே இந்திய மெட்டுகள். அப்பாவுக்குக் காதில் கீச்சு ஸ்வரங்கள் இப்போது சரியாக விழுவதில்லை, அதனால் பெரும்பாலும் கண்ணால்தான் கேட்கிறார். நிகழ்ச்சி முடிந்ததும் எப்படி இருந்ததுப்பா என்றேன். நாட்டைப் பற்றியோ பாட்டுகளைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"நல்லா இருந்துச்சு. திரும்புறப்ப மூணாவது வரிசைல ஒருத்தன் கால் மாத்திட்டான். கவனிச்சியா?"