கோட்டருகே நிற்பவர்

விளையாட்டொன்றின் விதிகளை மனனஞ் செய்தல் எளிது. அவற்றைக் கொண்டு பிறருடைய ஆட்டத்தைத் தீர்த்து வைத்தல் எளிதன்று. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தின் மாணவியொருத்தி ரெனிஸ் நடுவராகப் பயில விரும்புகின்றாள் எனக் கொள்க. பந்தின் ஓர் ஓரம் கோட்டைத் தொட்டாலும் அது களத்தினுள் விழுந்ததே என்பதை அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டத்திலும் விதி அதுவே. வன்னிக் கிராமங்களிலே சிறுவர்கள்கூட அதனை அறிவர். களத்தின் நீளம் 23.77 மீற்றர், ஒற்றையர் ஆட்டத்தில் அகலம் 8.23 மீற்றர், வலையின் நடு உயரம் 0.914 மீற்றர் என்பனவற்றை ஒரு மாலைப் பொழுதிற் படித்துவிடலாம். 15, 30, 40 என ஏறும் விசித்திரக் கணக்கு மட்டும் சில நாட்கள் அலைக்கழிக்கக்கூடும். அவள் உண்மையிற் கற்க வேண்டியது இவற்றுக்கு அப்பால் உள்ளது.

களத்தில் எழும் வினாக்களை ரெனிஸ் விதிநூல் இரண்டாகப் பகுக்கின்றது. பந்து எங்கே விழுந்தது, இருமுறை துள்ளியதா என்பன நிகழ்வு பற்றியவை. அந்நிகழ்வுக்கு எவ்விதி பொருந்தும் என்பது சட்டம் பற்றியது. முன்னையதில் உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருக்கும் பிரதான நடுவரின் முடிவே இறுதியானது. பின்னையதில் அவர் முதலிலே தீர்ப்புக் கூறுவார். வீரர் அதற்கு உடன்படாவிடின் போட்டி மத்தியஸ்தரை அழைக்கலாம். மத்தியஸ்தரின் சொல்லே சட்டத்தில் முடிந்த முடிபு. ஆனால், தனிநபர்ப் போட்டியொன்றிலே பந்து வெளியே விழுந்ததை அவர் தம் கண்ணாற் கண்டிருப்பினும் நடுவரின் கூற்றை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை.

அதிகாரத்தை இவ்வாறு பிரித்து வைத்தல் வெறும் நுணுக்கமாகச் சிலருக்குத் தோன்றலாம். வவுனியா மக்களுக்கு அவ்வாறு தோன்றாது. 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் ஓமந்தையிலே கோடொன்றைக் கடப்பதற்காக வரிசையில் நின்றவர்கள், அக்கோடு எவ்விதியின்படி அங்கே கிடக்கின்றது எனக் கேட்கும் உரிமையோடு நிற்கவில்லை. ரெனிஸ் களத்திலே தோற்றுக்கொண்டிருக்கும் வீரனுக்கும் அவ்வுரிமை உண்டு.

பயிற்சியின் கடினமான பகுதி கோட்டு நடுவரின் தொழிலிலே உள்ளது. பந்து வெளியே விழுந்தால் முதலில் 'அவுட்' என உரத்துக் கூறுதல் வேண்டும். கை அதன் பின்னரே நீள வேண்டும். உள்ளே விழுந்தால் வாய் திறவாது, உள்ளங்கைகள் நிலத்தை நோக்க இரு கைகளையும் தாழ்த்திக் காட்ட வேண்டும். இவையிரண்டும் பழக்கத்தில் வந்துவிடும். மூன்றாவது சைகையே எளிதில் வருவதில்லை. வீரரின் உடல் மறைத்ததால் பந்து விழுந்த இடம் தெரியாது போயின், இரு கைகளையும் கண்களருகே உயர்த்தி மறைத்து, 'நான் காணவில்லை' என உணர்த்த வேண்டும். கரப்பந்தாட்டக் கோட்டு நடுவர் இதனையே மார்பின் முன் கைகளைக் குறுக்காக வைத்துக் காட்டுவார். அறியாமையை வெளிப்படுத்துதற்கென்றே அதிகாரபூர்வமான சைகையொன்றை வைத்திருக்கும் தொழில்கள் மிகச் சில. விடை தெரியாத வினாவுக்கும் எதையாவது எழுதி வைக்குமாறு பரீட்சைகளினாற் பழக்கப்பட்ட மாணவருக்கு இது பெருந் தடையாகும். ஊகித்துச் சொல்லிவிடவே நா துடிக்கும்.

கோட்டு நடுவர் காணாததைப் பிரதான நடுவர் கண்டிருந்தால் அவர் தீர்ப்பார். அவரும் அதனைத் தீர்மானிக்க இயலாதவராயின் அப்புள்ளி மீண்டும் ஆடப்படும். கோட்டு நடுவரின் கூற்றை அவர் மாற்றுவதற்கும் வரம்புண்டு: தவறு ஐயத்திற்கிடமின்றித் தெளிவாக இருத்தல் வேண்டும், திருத்தம் அக்கணமே கூறப்படுதல் வேண்டும்.

வெள்ளை, வெண்கலம், வெள்ளி, தங்கம் எனச் சர்வதேச நடுவர் தரங்கள் மேலேறுகின்றன. அவ்வேணியின் அடிப்படியிலே பெரும்பாலோர் கோட்டருகே நின்றே தொழில் பழகினர். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடைபெற்ற சென்னை ஓபன் போட்டி தமிழ் மண்ணிலும் அத்தகைய களமொன்றை வைத்திருந்தது. இன்று அந்த அடிப்படியே கழன்று வருகின்றது. 1877இல் தொடங்கிய விம்பிள்டன் போட்டி, 2025இல் கோட்டு நடுவர்களை முற்றாக நீக்கி அவர்களிடத்தில் மின்னணுக் கருவிகளை அமர்த்தியது. அவ்வாண்டிலேயே பவ்லியுசென்கோவாவும் கார்ட்டலும் ஆடிய ஆட்டத்தில், இயக்குநர் ஒருவரின் தவறினாற் கருவி நிறுத்தப்பட்டிருந்தது. பந்து வெளியே விழுந்ததைத் தொலைக்காட்சிப் படம் காட்டிற்று. கருவியோ மௌனம் சாதித்தது. நடுவர் அப்புள்ளியை மீண்டும் ஆடுமாறு பணித்தார். கருவிக்கும் 'காணவில்லை' எனும் நிலை நேரக்கூடும். ஆனால் அதனைச் சைகையாற் சொல்ல அதற்குத் தெரியவில்லை.

அக்கருவிகள் எட்டாத களங்களே உலகில் மிகுதி. வவுனியாவிலே பயிலும் மாணவி முதலிற் கடமையாற்றப் போவதும் அத்தகைய களமொன்றின் ஓரத்திலேயே ஆகும். அங்கே பெரும்பாலும் பிரதான நடுவர் இருக்கமாட்டார். வலைக்குத் தம் பக்கத்தில் விழும் பந்தை வீரரே தீர்க்க வேண்டும். ஐயம் ஏற்படின் அதன் பயன் எதிராளிக்கே உரியது. வெளியே எனக் கூறியவர் பந்து உள்ளேயே விழுந்ததைப் பின்னர் உணர்ந்தால், அது புள்ளியை வென்றுவிட்ட அடியாக இருந்தாலன்றி, முதல்முறை அப்புள்ளி மீண்டும் ஆடப்படும். அதே ஆட்டத்தில் இரண்டாம் முறையும் அவ்வாறு நேர்ந்தால் அவர் புள்ளியை இழப்பார். களங்களிடையே உலாவும் அவள் அழைக்கப்பட்டாற்றான் உள்ளே செல்வாள். சென்றதும் இருவரிடமும் கேட்பது, பந்து எங்கே விழுந்தது என்பதையன்று, அதனைத் தீர்க்கும் உரிமை எவருடையது என்பதையே.