தோற்ற திருத்தமும் நிறைவேறிய அமானத்தும்



சில வாரங்களுக்கு முன், எங்கள் மஹல்லாவின் மையவாடிக்குச் செல்லும் பாதை குறித்து மனுக் கொடுக்க ஜமாஅத்தார் ஐவர் ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். மனுவை எழுதியவன் நான். பேச வேண்டியவனும் நானே. அதிகாரி எடுத்த எடுப்பிலேயே "இது நடக்காது" என்றார். நான் மறுசொல் கூறாமல் எழுந்துவிட்டேன். வெளியே வந்ததும், உடன் வந்த ஜரிகைக் கடைப் பெரியவர், "ஹஜ்ரத், ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லி என்ன பயன், பாய்?" என்றேன்.

அந்த வாரமே மதரஸாவின் மூத்த மாணவர்களுக்குக் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களைப் பற்றிப் பாடம் நடத்த நேர்ந்தது. 1896இல் திருநெல்வேலியில் பிறந்து, தோல் வணிகம் செய்தவர். 1946 முதல் 1952 வரை சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர். அங்கே எதிர்க்கட்சித் தலைவர். பிரிவினைக்குப் பின் முஸ்லிம் லீக்கைக் கலைத்துவிடுமாறு நாலாபுறமும் நெருக்கடி இருந்த நேரத்தில், 1948 மார்ச் 10 அன்று இன்றைய ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைமையை ஏற்றார். அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும் இருந்தார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதி மக்கள் இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினர்.

பிறகு அவருடைய உரைகளுக்கு வந்தேன். பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு, இன்றைய 44ஆம் பிரிவு, 1948 நவம்பர் 23 அன்று விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். அது ஏற்கப்படவில்லை. 1949இல் தனித் தொகுதி முறைக்காக வாதாடினார், அதுவும் ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, பழமையே தகுதியெனில் தமிழுக்கே அத்தகுதி உண்டு என எடுத்துரைத்தார். சபை இந்தியைத் தேர்ந்தது.

ஒரு மாணவன் கேட்டான்: "அப்படியானால் அவர் தோற்றுத்தானே போனார், உஸ்தாத்?"

எனக்கு அந்த அலுவலக வாசல் நினைவுக்கு வந்தது. தோல்வி நிச்சயம் என்று அவரும் அறிந்திருப்பார். ஆயினும் எழுந்தார், காரணங்களை அடுக்கினார், கண்ணியம் குன்றாமல் அமர்ந்தார். சபைக் குறிப்பில் அச்சொற்கள் இன்றும் உள்ளன. நம்மை நம்பி அனுப்பியவர்களின் சொல்லைச் சேர்ப்பிப்பது அமானத். ஏற்பதும் மறுப்பதும் எதிரே இருப்பவரின் பொறுப்பு. நான் அமானத்தையே பையில் மடித்து வைத்துக்கொண்டு திரும்பியவன். "அவர் சொல்லவேண்டியதைச் சொன்னார், மகனே. நான்தான் சொல்லவில்லை" என்று நடந்ததை மாணவர்களிடம் கூறினேன்.

அவருடைய பொறுமை வீணாகவுமில்லை. நம் காஞ்சியில் பிறந்த அண்ணா 1967இல் அமைத்த கூட்டணியில் அவருடைய கட்சியும் இடம்பெற்றது. அக்கூட்டணி வென்று அண்ணா முதலமைச்சரானார். 1972 ஏப்ரலில் காயிதே மில்லத் மறைந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள்.

அடுத்த திங்களன்று பெரியவரை அழைத்துக்கொண்டு மீண்டும் அந்த அலுவலகம் சென்றேன். மழைக்காலத்தில் ஜனாஸாவைச் சேற்றில் சுமந்து செல்லும் நிலையை முழுமையாகச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார் அதிகாரி. பாதை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் மனு இப்போது என் பையில் இல்லை. பதிவெண்ணுடன் அவர்களுடைய கோப்பில் இருக்கிறது.

அல்லாஹ் அன்னாரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைச் சொல்லும் துணிவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.