எங்கிருந்து ஆரம்பிப்பது, தாது?

ஜூன் 14, சனி

புழுக்கம் தாங்கவில்லை. ஆனாலும் இன்று விட்டால் நாளை ஞாயிறு, காலேஜ் ஸ்ட்ரீட்டில் பாதிக் கடை பூட்டியிருக்கும். காளிகட்டில் மெட்ரோ ஏறி மகாத்மா காந்தி ரோட்டில் இறங்கி, மகளும் நானும் நடந்தே போனோம்.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் குடிவந்து பதினோரு மாதம் ஆகிறது. இங்கே வாழையிலையும் காப்பிப்பொடியும் மல்லிகைச் சரமும் கிடைக்கிற தைரியத்தில் நான் வங்காளத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். மகளால் அது முடியாது. நாலாம் வகுப்பில் அவளுக்கு வங்காளம் ஒரு பாடம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ஒரு வரியை முடித்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள், மருந்து குடித்த பிள்ளை மாதிரி. மேல்வீட்டுப் பெரியவர் (அவளுக்கு அவர் 'தாது', அதாவது தாத்தா, எனக்கும் அதே பெயர்தான் பழகிவிட்டது; அவருக்கு நான் 'பௌமா', அதாவது மருமகள்) போன வாரம் சொன்னார்: "பாடப்புத்தகம் ஒரு பக்கம் இருக்கட்டும் பௌமா. நாராயண் தேப்நாத்தை வாங்கிக் கொடு. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் படித்தோம்."

கடைக்காரர் ஒரு அடுக்கையே எடுத்துப் போட்டார். ஹாந்தா-போந்தா, பாண்டுல் தி கிரேட், நொன்ட்டே-ஃபொன்ட்டே. மூன்றும் தேப்நாத் ஒருவரே வரைந்த காமிக்ஸ் தொடர்கள். ஒவ்வொன்றிலும் மெலிந்த புத்தகங்கள், தடித்த தொகுதிகள், வண்ணப் பதிப்பு, கருப்பு வெள்ளைப் பதிப்பு. எதில் ஆரம்பிப்பது என்று கேட்டேன். எதில் வேண்டுமானாலும் என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை. ஆகப் பழைய கதைகள் எதில் இருக்கின்றன என்று தேடி, கனத்த தொகுப்பு ஒன்றை வாங்கினேன். திரும்பும்போது 1918 முதல் இருக்கிற பாரமௌண்ட்டில் இளநீர் ஷர்பத். மகள் அடியில் கிடந்த வழுக்கையைக் கரண்டியால் தேடித் தேடித் தின்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

நாலாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டாள். "அப்புறம் படிக்கிறேம்மா." நான் விடவில்லை, முதலிலிருந்து வரிசையாகப் படித்தால்தான் புரியும் என்று உட்கார வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

இரவு அண்ணனின் நினைவு வந்தது. சாத்தூர் வீட்டில் அவனிடம் ஒரு தகரப்பெட்டி நிறைய காமிக்ஸ். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. பக்கத்துச் சிவகாசியிலிருந்து வந்த புத்தகம். ஆனால் அண்ணன் அந்த முதல் புத்தகத்தைப் பல வருஷம் கண்ணால் கண்டதில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட கட்டிலிருந்து எது கிடைத்ததோ அதுதான் அவனுக்கு முதல் புத்தகம். அந்த மனிதனுக்குக் கை ஏன் இரும்பாயிற்று, மின்சாரம் பாய்ந்தால் கையை மட்டும் விட்டுவிட்டு உடம்பு ஏன் மறைகிறது என்பதெல்லாம் தெரியாமலே மாயாவி மேல் உயிரை வைத்திருந்தான். காரணம் தெரியவந்தபோது, ரொம்ப நாள் பழகின சிநேகிதனின் பிறந்த ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட சந்தோஷம் அவனுக்கு. ஊரைக் கேட்டுவிட்டா யாரும் சிநேகிதம் பிடிக்கிறார்கள்?

குழந்தையை அழவைத்தது தப்பு.

ஜூன் 18, புதன்

தாது வந்து புத்தகத்தைப் புரட்டினார். "இதை எதற்கு முதலில் கொடுத்தாய்? இது என்னை மாதிரிக் கிழவர்களுக்கு." பிறகு ஒரு மணி நேரம் பேசினார்.

ஹாவ்டாவின் ஷிப்பூரில் 1925இல் பிறந்தவர் தேப்நாத். குடும்பத்துக்கு நகைத் தொழில். நகைக்கு டிசைன் போட்டுப் போட்டுக் கையில் கோடு படிந்தது. ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, கடைசி வருஷத்தை முடிக்காமல் வெளியே வந்தார். தேவ் சாகித்ய குடீர் என்கிற பதிப்பகத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர், அவர்களுடைய சிறுவர் பத்திரிகை 'ஷுக்தாரா'வில் 1962இல் ஹாந்தா-போந்தாவைத் தொடங்கினார். ஒல்லிப் பையன் ஹாந்தா சூழ்ச்சி பண்ணுவான். குண்டுப் பையன் போந்தா வெள்ளை மனசுக்காரன். கடைசிக் கட்டத்தில் ஹாந்தாவின் சூழ்ச்சி ஹாந்தாவின் தலையிலேயே விடியும். 1965இல் அதே பத்திரிகையில் பாண்டுல். 1969இல் 'கிஷோர் பாரதி'யில் நொன்ட்டே-ஃபொன்ட்டே. கதை, படம் இரண்டும் அவரே. ஹாந்தா-போந்தா ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி வந்தது. 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 2022 ஜனவரி 18இல் காலமானார், தொண்ணூற்றாறு வயதில்.

"மாசாமாசம் ஓரிரு பக்கம்தான் பௌமா," என்றார் தாது. "போன மாசம் என்ன நடந்தது என்று அடுத்த மாசக் கதைக்குத் தெரியவே தெரியாது. யாருக்கும் வயசு ஏறாது, யாரும் வகுப்பு மாறமாட்டார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பத்திரிகையை வாங்கின பையனுக்கும் அந்த மாசமே எல்லாம் புரிய வேண்டாமா?"

கடைக்காரர் சொன்னதும் இதுதான். நான்தான் காதில் வாங்கவில்லை.

ஜூன் 21, சனி

தாதுவின் யோசனைப்படி நொன்ட்டே-ஃபொன்ட்டே, நடுவிலிருந்து. இந்தத் தொடர் முதலில் ஹாந்தா-போந்தாவின் சாயலிலேயே நடந்ததாம். பிறகுதான் பள்ளி விடுதி வந்தது, அதோடு கெல்ட்டூதா வந்தான். மேல்வகுப்புப் பையன், அடுத்தவன் தின்பண்டத்தைப் பிடுங்குகிறவன். விடுதிக் கண்காணிப்பாளர் பாதிராம் ஹாதி. ஹாதி என்றால் யானை, ஆளும் அப்படித்தான். இந்த நாலு பேரும் ஒரே கூரைக்குள் சேர்ந்த பிறகுதான் தொடருக்கு உயிர் வருகிறது. யாராவது என்னைக் கேட்டால் இனி இந்த இடத்தைத்தான் சொல்வேன்: கெல்ட்டூதா இருக்கிற பக்கத்தைத் திற, அங்கே ஆரம்பி.

மகள் முதலில் சத்தங்களைத்தான் படித்தாள். விழுந்தால் 'தபாஸ்', சுட்டால் 'குடும்'. "தொபுக்கடீர்தாம்மா இங்க தபாஸ்" என்று எனக்கே விளக்கம். சத்தத்திலிருந்து பேச்சுக்குப் போனாள். கெல்ட்டூதா என்ன சொல்லி ஏமாற்றினான் என்று தெரியாவிட்டால் கடைசிக் கட்டத்தில் சிரிப்பு வராது, அதனால் படித்தே ஆக வேண்டும். பதினோரு மாதப் பாடம் தராத அவசரத்தை இரண்டு பக்கம் தந்துவிட்டது. இன்று மட்டும் ஒன்பது கதை. மூன்று இடத்தில் என்னிடம் அர்த்தம் கேட்டாள், மூன்றும் எனக்குத் தெரியவில்லை. மாடிக்கு ஓடினாள்.

ஜூன் 22, ஞாயிறு

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்பது எல்லாத் தொடருக்கும் பொருந்தாது, அதையும் எழுதி வைக்கிறேன். தாதுவின் அலமாரியில் வங்காள டின்டின் வரிசையாக இருக்கிறது, கவிஞர் நிரேந்திரநாத் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பு. நாய்க்குட்டிக்கு அவர் வைத்த பெயர் குட்டூஸ். இந்த ஊர்க்காரர்களிடம் அதன் அசல் பெயரைச் சொன்னால் ஒருகணம் விழிக்கிறார்கள். டின்டினில் 'பொம்பேட்டே ஜஹாஜ்' படிக்காமல் 'லால் பொம்பேட்டேர் குப்ததன்' எடுத்தால் பாதி விருந்துக்கு வந்த மாதிரி. முதலாவதில் கிடைக்கிற துப்பை வைத்துத்தான் இரண்டாவதில் புதையலுக்குப் போகிறார்கள். நிலாவுக்குப் போகிற கதையும் இரண்டு புத்தகம். ஆனால் அங்கேயும் ஆகப் பழையதை நான் முதலில் கொடுக்கமாட்டேன். கேப்டன் ஹேடாக் முதன்முதலாக வருகிற 'காங்க்ரா ரஹஸ்யா'வைத்தான் கொடுப்பேன். அந்தக் கோபக்காரக் கப்பல்காரர் இல்லாத டின்டினை, அவரைத் தெரிந்த பிறகு திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 27, வெள்ளி

ரதயாத்திரை. சந்தெல்லாம் பிள்ளைகள் இழுக்கிற சின்னச் சின்னத் தேர்கள். தாது வீட்டில் பொரித்த அப்பளமும் ஜிலேபியும். இன்றைக்கு அதைத் தின்றாக வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம்.

சாப்பிட்டு முடிந்ததும் பரணிலிருந்து ஒரு பழுப்புக் கட்டை இறக்கினார். பழைய ஷுக்தாராக்களிலிருந்து பாண்டுல் பக்கங்களை மட்டும் கிழித்துத் தைத்து வைத்திருக்கிறார். கையில் வாங்கியதும் எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் ஆச்சியும் கல்கி தொடர்களை இப்படித்தான் வாராவாரம் கிழித்துக் கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தாள்.

பெரிய நெஞ்சு, குச்சிக் கால், இளஞ்சிவப்பு பனியன், கருப்பு அரைக்கால் சட்டை, செருப்பில்லாத பாதம்: இதுதான் பாண்டுல். கூடவே ஓயாமல் வம்பு பண்ணும் இரண்டு வாண்டுகள். தைத்த நூல் இற்றுப்போய்ப் பக்கங்கள் கலைந்திருந்தன. வருஷமும் இல்லை மாதமும் இல்லை. இவற்றை எப்படி வரிசைப்படுத்துவது என்று நான் கேட்டதற்கு, தாது ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"குண்டு பட்டுத் தெறித்து விழுகிறதா, பார். அப்படியானால் இது எழுபத்தொன்றுக்குப் பிறகு."

பாண்டுல் ஆரம்பத்தில் பலசாலி மட்டும்தான். 1971இல் பங்களாதேஷ் விடுதலைப் போர் மூண்டபோது, அவனை யாராலும் வெல்ல முடியாதவனாக ஆக்கும்படி பத்திரிகைத் தரப்பில் கேட்டிருக்கிறார்கள். தேப்நாத் முதலில் தயங்கி, பிறகு இசைந்தார். அப்புறம் டாங்கி, விமானம், எதுவும் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்த நகரம் இது. அந்த நாளில் இந்தப் பக்கத்தைத் திறந்த குழந்தைக்குக் குண்டு தெறித்து விழுவது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! தாதுவுக்கு அப்போது பத்து வயது. இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 29, ஞாயிறு

கட்டு இப்போது எங்கள் வீட்டில். கூடத்துத் தரையில் மகள் இரண்டு குவியல் போட்டிருக்கிறாள். குண்டு தெறிக்கிறவை வலப்பக்கம். தெறிக்காதவை இடப்பக்கம். சந்தேகம் வந்தால் கதை முழுவதையும் வாய்விட்டுப் படிக்கிறாள், வங்காளத்தில், தடங்கலில்லாமல். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே குழம்பைக் கிண்டுகிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. அதில் துப்பாக்கியே இல்லை. பாண்டுல் சாப்பிடுகிறான், வாண்டுகள் தட்டைக் களவாடுகிறார்கள், அவ்வளவுதான்.

"இதை எங்கம்மா வைக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் அதை எந்தக் குவியலிலும் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.